தட்டிப் பார்த்து வாங்கு

அவன் தட்டுவதை நிறுத்திய பிறகும் படகு இன்னொரு முறை சத்தம் கொடுத்தது.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது படகு மெக்கானிக்குக்கு. கோடை முழுக்கக் கரையில், இரும்புத் தாங்கிகளின் மேல், வெயிலில் நின்று காய்ந்த பழைய கேபின் படகு அது. அதன் அடிப்பலகையை பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தான். காய்ந்த இடம் ‘டக்’கென்று தெளிவாகப் பேசும், தண்ணீர் குடித்த இடம் ‘தொப்’பென்று வாயை மூடிக்கொள்ளும், அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். இத்தனை வருடத் தொழிலில் படகுகள் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கின்றனவே தவிர, தாமாக வாயைத் திறந்ததில்லை.

“என்னண்ணே, நிறுத்திட்டே?” என்றாள் தங்கை.

“ஒண்ணுமில்ல. வெயில்ல பலகை விரியுது.”

அவள் படகின் நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போன வருடம் அவள் புருஷனை உள்ளே வைத்துக்கொண்டு மூழ்கிய படகு இது. நங்கூரம் போட்டுவிட்டு முன்னறையில் தூங்கியவருக்கு, தண்ணீர் ஏறி விழித்தபோது, பல நாள் ஈரத்தில் ஊறி உப்பியிருந்த கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டதாகப் பக்கத்துப் படகுக்காரர்கள் சொன்னார்கள். படகை மேலே தூக்கிக் கரையேற்றி விற்பனைக்கு வைத்ததும், “வெளியாளு எதுக்கு, நானே வாங்கிக்கிறேன்” என்று முந்திக்கொண்டு வந்தான் இந்த அண்ணன். சொந்தபந்தமெல்லாம் அதைப் பாசம் என்றது.

பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாப்பிள்ளைக்கு இந்தப் படகை விற்றவனே இவன்தான். முன்னறைப் படுக்கைக்கு அடியில் பலகை ஊறி மக்கியிருப்பது தெரிந்தே, அதன்மேல் பிளைவுட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கி, பெயிண்டும் அடித்து, ‘கண்ணை மூடிட்டு வாங்குங்க மாப்பிள்ளை’ என்றான். இப்போது வேறு எவனாவது வாங்க வந்தால் நிச்சயம் அந்தப் பிளைவுட்டைக் கழற்றிப் பார்ப்பான். பார்த்தால் ஜெயில்தான். அதற்குள் அதைப் பிய்த்து எரித்துவிட வேண்டும்.

“நல்லாத் தட்டிப் பாத்து வாங்குண்ணே,” என்றாள் தங்கை. “கண்ணை மூடிட்டு வாங்காதே.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படகின் பின்பக்கம் குனிந்தான். கரையேற்றிய படகில் மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க அடியிலுள்ள துளையைத் திறந்தே வைப்பார்கள். விரலை விட்டுப் பார்த்ததில் தூசிதான் ஒட்டியது. சுத்தியலையும் சாக்பீஸையும் அவளிடம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினான்.

கேபினுக்குள் நாற்றமே தப்பாக இருந்தது. மூழ்கி எழுந்த படகில் பூஞ்சை நாறும், துரு நாறும், அழுகிய மெத்தை நாறும். இங்கே நேற்று அடித்ததுபோலப் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது, அதற்கு அடியில், மெல்ல, மாப்பிள்ளை முகத்தில் போடும் ஷேவிங் லோஷனின் வாசனை. தரைப்பலகை ஒன்றைத் தூக்கினான். கீழே விளிம்புவரை கறுப்பாகத் தண்ணீர் நின்றது. அடியில் துளை திறந்திருக்கிறது, ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. தொழில் பழக்கத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். சப்பென்றிருந்தால் மேலிருந்து இறங்கிய மழை, கரித்தால் கீழிருந்து ஏறிய கடல்.

கரித்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

“உள்ளே யாராவது தண்ணி ஊத்துனாங்களா?” என்று கத்தினான்.

“உள்ளே யாருண்ணே இருக்கா?” என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

அப்போதே இறங்கி ஓடியிருப்பான். ஆனால் அந்தப் பிளைவுட்? பல்லைக் கடித்துக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்து, மெத்தையைப் புரட்டி மண்டியிட்டான். அவன் இறுக்கி முடுக்கிய ஸ்க்ரூக்கள் எல்லாம் பாதி வெளியே வந்து நின்றன. யாரும் கழற்றவில்லை, தலையில் கீறலே இல்லை. உள்ளேயிருந்து ஏதோ தள்ளியிருக்கிறது. பிளைவுட் கையோடு வந்தது. கீழே மக்கிய பலகையில், அன்று அவன் போட்ட சாக்பீஸ் வட்டம். கடலில் கிடந்தும் கரையாமல், வெள்ளை வெளேரென்று.

வட்டத்துக்குள்ளிருந்து ‘டக்’.

“நீயா தட்டுறே?”

“இல்லண்ணே. நான் தள்ளி நிக்கிறேன்.”

வட்டமான சின்ன ஜன்னல் வழியே பார்த்தான். தள்ளித்தான் நின்றாள். சுத்தியல் கையில் தொங்கியது.

மறுபடியும் சத்தம். இம்முறை ‘தொப்’. இம்முறை முதுகுக்குப் பின்னால்.

திரும்பினான். கதவு சாத்தியிருந்தது. இழுத்தான், காலை ஊன்றி இழுத்தான். சட்டத்துக்குள் உப்பி இறுகியிருந்தது. ஒரு கதவு இப்படி உப்ப நாள்கணக்கில் ஊற வேண்டும். அவனைவிட அது யாருக்குத் தெரியும்?

கணுக்காலில் ஈரம். முழங்காலில். இடுப்பில்.

“கதவைத் தொற! தண்ணி ஏறுது!” ஜன்னலில் ஓங்கி ஓங்கி அடித்தான்.

அவள் நிதானமாகக் கிட்டே வந்தாள். “படகு கரையில நிக்குதுண்ணே. தண்ணி ஏது?”

“சத்தியமா! ஏறுதுடி!”

“பிளைவுட்டுக்கு அடியில உன் வட்டம் இருக்குன்னு அவரு சொன்னாரு.”

“எவரு? எப்போ?”

“தெனமும்தான் சொல்றாரு. தட்டித் தட்டி. நான் இங்க வந்து காது வச்சுக் கேப்பேன்.” அவள் குரல் உடைந்து, உடனே கெட்டியானது. “நீயே வந்து பாக்கணும்னு காத்திருந்தாருண்ணே. நானும்தான்.”

மார்பு. கழுத்து. மூக்கில் ஷேவிங் லோஷன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். உப்பு நுழைந்தது.

கண்ணாடிக்கு வெளியே வெயில். காய்ந்த மண். அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, அவன் செய்வதுபோலவே தலையைச் சாய்த்துக் கேட்டாள். ‘தொப்’. தலையாட்டிக்கொண்டாள். பிறகு சாக்பீஸை எடுத்து, ஜன்னலைச் சுற்றி, அவசரமே இல்லாமல் ஒரு வட்டம் போட ஆரம்பித்தாள்.

கண்ணாடியில் பதிந்திருந்தன அவனுடைய இரண்டு கைகளும். இரண்டுக்கும் நடுவே, உள்பக்கமாக, ஊறி வெளுத்த மூன்றாவது கை ஒன்று தட்டிக்கொண்டிருந்தது.