இறக்கிவிட ஒரு கை

குதிகாலில் ஆணியை வைத்து யாரோ மெல்லத் திருகுவது போல் வலித்தது. அன்னம்மாள் மாப் கட்டையின் மேல் உடம்பைச் சாய்த்து, வலது காலைச் செருப்பிலிருந்து உருவிக் குளிர்ந்த பளிங்கில் வைத்தாள். அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

சற்று முன் துடைத்த ஈரத்தின் குறுக்கே சிந்து நடந்து போயிருந்தாள். குதி உயர்ந்த செருப்பின் தடம் வரிசையாகப் போய், செண்டுக் கடைக்கு நேரே நின்றுவிட்டது. அதற்கு அப்பாலும் ஈரம் இருந்தது; கூரை விளக்குகளெல்லாம் அதில் தலைகீழாக எரிந்தன; ஒரு கீறல் இல்லை. சிந்து மட்டும் அந்த ஈரத்தின் மேலேயே போய்க்கொண்டிருந்தாள், கையில் பையோடு, அவசரமில்லாமல்.

அன்னம்மாளுக்குப் பயம் வரவில்லை. வயிறு எரிந்தது. இவள் நடந்தால் தரைகூட அழுக்காக மாட்டேன் என்கிறது.

சிந்து அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் உத்தமனைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவளை, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று இந்த மாலுக்குத் துடைக்கிற வேலைக்குக் கூட்டிவந்ததே அன்னம்மாள்தான். வந்த மூன்றாம் மாதம் அவள் மாப்பை வைத்துவிட்டுப் பட்டுப்புடவையில் உலாவுகிறாள். பன்னிரண்டு வயதில் சித்தாளாகிக் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிய அன்னம்மாள் இன்னும் குனிந்தபடியே இருக்கிறாள்.

பொம்மனஹள்ளி தாண்டி ஓசூர் ரோட்டோரம் அந்த மால் போன தீபாவளிக்கு முன் திறந்தது. உள்ளே ஜன்னலே கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. எந்நேரமும் ஒரே மஞ்சள் வெளிச்சம், ஒரே மெல்லிய இசை, செண்டும் புதுத் தோலும் கலந்த ஒரே வாசனை. கடிகாரக் கடை, கைப்பைக் கடை, கண்ணாடிக்குள் ஒற்றைச் செருப்பை விளக்குப் போட்டு வைத்திருக்கிற கடை. ஆள்தான் இல்லை. நகரும் படிக்கட்டு வெறுமனே ஏறி வெறுமனே இறங்கியது. கடைப் பெண்கள் கைகட்டி நின்று நின்று, பொம்மைக்கும் தங்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனார்கள்.

வாசல் செக்யூரிட்டி ஹெர்பர்ட் அண்ணன் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர். பின்பக்கம் டீ குடிக்கிற நேரத்தில் அவர் சொல்லுவார்: "ஊருல துட்டு இல்லாம இல்லம்மா. துட்டு இருக்கிறவன் இந்த டிராபிக்ல உக்காந்து, சில்க் போர்டு சிக்னல தாண்டி இங்க வந்து ஹேண்ட்பேக் வாங்குவானா? அவன் பிளேன் ஏறி துபாய்ல வாங்கிப்பான். நம்ம ஜனம் வரும், ஏசி காத்து வாங்கும், போட்டோ புடிச்சுக்கும், வெளிய போய் பானிபூரி துன்னும். எங்க ஏரியாவுல பிளாட்பாரத்துல பனியன் விக்கிறவன் கிட்ட நிக்கிற கூட்டம் இந்த மொத்த பில்டிங்குக்கும் இல்ல."

"அப்ப மூடிருவாங்களாண்ணே?"

"மூடுனா நாமதான் ரோட்டுல நிப்போம். கடைக்காரங்க காலி பண்றோம்னு நோட்டீஸ் குடுத்துட்டாங்க. அதான் மேனேஜர் ஆளு புடிக்கிறாரு."

மேனேஜர் ராஜேஷ்குமார் வெளியே ஆள் பிடிக்கவில்லை. துடைக்கிற பெண்களையே வரிசையில் நிறுத்தினார். நல்ல துணி தருவோம், கடைப் பெயர் போட்ட பெரிய பை தருவோம், வாங்கிவிட்டுப் போகிறவர்கள் போல நாள் முழுக்க நடக்க வேண்டும். கூட்டம் கூட்டத்தைக் கொண்டுவரும். ஆளாளுக்கு நடத்திப் பார்த்தார். அன்னம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அம்மா, நீங்க வேண்டாம். தப்பா நினைக்காதீங்க. தலையில எதையோ வச்சிருக்கிற மாதிரியே நடக்கறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிந்துவும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு. பிறகு அவள் நடந்தாள், பையை விரல் நுனியில் ஆட்டிக்கொண்டு. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பைக்குள் பழைய காகிதத்தைக் கசக்கி அடைத்தது அன்னம்மாள்தான். முதல் நாள் அதைத் தூக்கிச் சிந்துவின் கையில் மாட்டிவிட்டவளும் அவள்தான். "அக்கா, நீயே ஏத்தி விடுக்கா, உன் கை ராசி" என்று சிந்து கேட்டிருந்தாள். கட்டட வேலையில் ஒரு முறை உண்டு. சட்டியைத் தலையில் ஏற்றிவிட்டவள்தான் இறக்கியும் விட வேண்டும். பாரத்தோடு ஒருத்தி நிற்கும்போது, எவ்வளவு பெரிய சண்டை இருந்தாலும், ஏற்றியவள் வந்து கை கொடுப்பாள். இது காகிதம்தானே என்று அன்னம்மாள் நினைத்துக்கொண்டாள்.

மேனேஜர் ஒரே ஒரு கட்டளை போட்டார். நடக்கிறவர்களைத் தெரிந்ததாகத் துடைக்கிறவர்கள் காட்டிக்கொள்ளக் கூடாது. எதிரே வந்தால் தலை குனிந்து ஒதுங்க வேண்டும். மேடம் என்று சொல்ல வேண்டும். மேலே கேமரா பார்க்கும்.

"எங்க, உன் ஓரகத்திய ஒரு தரம் மேடம்னு கூப்புடுக்கா, காது குளிரக் கேக்கறேன்" என்றாள் மாடியில் துடைக்கிற லீனா.

"உன் வாயில மாப்ப வைக்க" என்றாள் அன்னம்மாள். ஆனால் அன்று சாயங்காலமே சொல்ல வேண்டி வந்தது. சிந்து எதிரே வந்தாள். மேடம். தொண்டையில் மீன் முள் போல நின்றது அந்தச் சொல்.

ஹெப்பகோடியில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை, பொதுக் குழாய். இரவு குழாயடியில் சிந்து கையைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களின் குறுக்கே சிவப்பாகக் கோடு.

"பாரமா இருக்குக்கா."

"காகிதம்டி அது."

"தெரியும். காலையில லேசாத்தான் இருக்கு. போகப் போகக் கனக்குது. உள்ள பாத்தேன், காகிதந்தான்."

"ஏசில நடக்கறதுக்கு நோவாம். வாடி, நாளைக்கு என் பக்கெட்ட தூக்கு."

சிந்து குழாயை மூடினாள். அவள் கழுத்தில் செண்டு வாசனை அடித்தது. குழாயடிச் சேற்று நாற்றத்துக்கு நடுவே அது தனியாக நின்றது. அன்னம்மாள் மூச்சை இழுத்து அதை உள்ளே வாங்கினாள். பிறகு தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

சிந்துவின் தடம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. செண்டுக் கடை வரை இருந்தது, பிறகு கடிகாரக் கடை வரை, பிறகு படிக்கட்டை விட்டு இறங்கிய இடத்தில் மட்டும் கொஞ்சம். ஒருநாள் எங்கும் இல்லை. மற்ற நடக்கிற பெண்களுக்கும் அப்படித்தான். இன்னொன்றையும் அன்னம்மாள் கவனித்தாள். நடக்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மேனேஜர் பிடித்த பெண்களின் முகம் அவளுக்குத் தெரியும். இவர்கள் வேறு. கோட்டு போட்ட ஆண்கள், முத்துமாலை போட்ட கிழவிகள், ஜோடியாகப் போகிறவர்கள். எல்லோர் கையிலும் பை. யாரும் எந்தக் கடைக்குள்ளும் நுழையவில்லை. யாரும் எதையும் தின்னவில்லை.

"கூட்டம் பாத்தீங்களாண்ணே?" என்று வாசலில் ஹெர்பர்ட்டைக் கேட்டாள்.

அவர் விசித்திரமாகப் பார்த்தார். "எந்தக் கூட்டம்? காலையில இருந்து என் வாசல்ல நாலு பேர் வந்திருந்தா அதிகம். மேனேஜர் மட்டும் கம்ப்யூட்டர பாத்து ஒரே குஷியா இருக்காரு."

அன்னம்மாள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே தலைகளாகத் தெரிந்தன. பேச்சே இல்லை. பைகள் உரசுகிற சத்தம் மட்டும், காய்ந்த சருகுக்குள் ஏதோ ஊர்வது போல.

அன்றே, மதியச் சோற்றுக்குப் பிறகு, முதல் மாடியில் சிந்து அவள் முன்னால் வந்து நின்றாள். மயில் கழுத்து நிறத்தில் பட்டு. உதட்டில் சாயம். உதடு அசைந்தும் அசையாமலும் பேசினாள்.

"அக்கா. எறக்கி விடுக்கா."

அன்னம்மாள் மாப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"கை தொறக்க மாட்டேங்குது. பாரம் தாங்கல. நீதானக்கா ஏத்தி விட்ட."

பையின் கயிறு விரல்களுக்குள் புதைந்திருந்தது. சதை அதன் மேல் மூடத் தொடங்கியிருந்தது. விரல் நுனிகள் நாவற்பழம் போல் கறுத்திருந்தன. அன்னம்மாள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். மேலே கேமரா இருந்தது, ஆனால் அவள் சும்மா இருந்தது அதற்காக அல்ல. அந்தப் பட்டின் கரை. அந்த உதட்டுச் சாயம். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு. அதுதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

அவள் தலை குனிந்தாள். பக்கெட்டை ஓரமாக இழுத்தாள்.

"சாரி மேடம். தரை ஈரமா இருக்கு. பாத்துப் போங்க."

சிந்து பையோடு திரும்பினாள். பிறகு ஈரத்தின் மேல் நடந்து போனாள். தடம் இல்லை.

சாயங்காலம் துணி மாற்றும் அறையில் சிந்துவின் பருத்திச் சேலை கொக்கியில் தொங்கியது. கீழே அவளுடைய ரப்பர் செருப்பு, போட்டுக்கொள்ளத் தோதாக, ஜோடியாக. அன்னம்மாள் அதைத் தாண்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிய உத்தமன் கேட்டதற்கு, ஓவர்டைம் என்றாள்.

விடிகாலையில் அவன் கதவைத் தட்டினான். கம்பெனி ஷிப்டு முடிந்து வந்தவன், டிபன் பையைக்கூட இறக்கவில்லை. "அண்ணி, சிந்து வரவே இல்ல. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. உங்க கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

"எங்கிட்ட என்ன சொல்றா" என்றாள் அன்னம்மாள்.

மாலில் நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். ராஜேஷ்குமார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் திரையின் வெளிச்சம்.

"சிந்துவா? இருக்காங்களே. நடந்துக்கிட்டுத்தானே இருக்காங்க. நல்லா நடக்கறாங்க." சிரித்தார். "கடைக்காரங்க யாரும் காலி பண்ணல அன்னம்மா. இந்தச் சிட்டி தாங்காதுன்னு சொன்னவனெல்லாம் வந்து பாக்கட்டும். இன்னும் ஆளு வேணும். நீங்களும் நடக்கறீங்களா?"

போய்விட வேண்டும் என்று கால் சொன்னது. அதற்குள் அவர் மேஜைமேல் ஒரு புடவையை வைத்தார். மாம்பழ நிறம், அகலச் சரிகை. அன்னம்மாளின் கல்யாணப் புடவைகூட இரவல்.

சிந்துவின் பக்கத்தில் போக இதுதான் வழி, மேடமுக்கு மேடம் பேசலாமே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். சிந்துவை நினைப்பதற்கு முன்பே கை புடவையைத் தொட்டுவிட்டது.

லீனாவிடம் மாப்பைக் கொடுத்தாள். பையை மாட்டிவிட்டவளும் லீனாதான். "ராணி மாதிரி இருக்கக்கா" என்றாள்.

பை பஞ்சு போல் இருந்தது. நகரும் படிக்கட்டு அவளைத் தூக்கிக்கொண்டு போனது. கூட்டம் அவளுக்காக விலகி, அவளைச் சேர்த்துக்கொண்டு, மூடியது. அன்னம்மாள் நடந்தாள். கழுத்து தளர்ந்திருந்தது. கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். சித்தாள் நடை இல்லை. சிந்துவைவிட நன்றாக நடக்கிறோம் என்று நினைத்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

அப்புறம்தான் உறைத்தது. குதிகால் வலிக்கவில்லை.

நின்றாள். குனிந்து பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள்.

லீனா துடைத்துவிட்டுப் போன ஈரம். அதில் தன் தடம். செண்டுக் கடை வரைக்கும்.

அதற்கு மேல் இல்லை.

பை கொஞ்சம் கனத்தது.

சிந்து எதிரே வந்துகொண்டிருந்தாள். அதே மயில் கழுத்துப் பட்டு. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. விரல்கள் இருந்த இடத்தில் விரல்கள் தெரியவில்லை. கையும் கயிறும் ஒன்றாக இருந்தன.

"சிந்து. ஏய். நாந்தான்டி. அக்கா."

நிற்கவில்லை. அன்னம்மாள் ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். அந்தப் பையைப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும். ஏற்றியவள் இறக்கினால் இறங்கும். இடது கையை நீட்டினாள். அந்தப் பை ஈரக் கலவை நிரம்பிய சட்டி போல் அசையாமல் இருந்தது. ஒரு கை போதவில்லை. வலது கை வேண்டும்.

வலது கை திறக்கவில்லை.

மறுபடியும் முயன்றாள். விரல் ஒவ்வொன்றாக. கட்டைவிரலிலிருந்து. கயிறு சூடாக இருந்தது. பாரம் தோளுக்கு ஏறியது. கழுத்துக்கு ஏறியது. கால்கள் மட்டும் லேசாக, அவளைக் கேட்காமல், சிந்துவின் கால்களோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தன.

எதிரே லீனா. பக்கெட்டோடு.

"லீனா. எறக்கி விடு. நீதானே ஏத்தி விட்ட."

லீனாவின் கண் புடவைக் கரையில் நின்றது. சரிகையில். அங்கேயே நின்றது. பிறகு அவள் தலை குனிந்து, பக்கெட்டை ஓரமாக இழுத்தாள்.

"சாரி மேடம். பாத்துப் போங்க."

அன்னம்மாள் போனாள். கூட்டத்தோடு. சருகுச் சத்தத்தோடு. ஜன்னலில்லாத மஞ்சள் வெளிச்சத்தில். பக்கத்தில் தோள் உரச சிந்து. கேட்டபோது கொடுக்காத ஒரு கை. சிந்துவுக்கு அது இன்னும் பாக்கி.