பதினான்காம் அறைக்குப் போகும் ஒயர்

அக்டோபர் 9, வியாழன். ஒரு சிறிய தப்பு. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரு ஒயரை மட்டும் விடாமல், போகிறதையும் வருகிறதையும் சேர்த்து விட்டுவிட்டேன். இரண்டின் கரண்டும் ஒன்றையொன்று அழிக்க, மீட்டர் பூஜ்யம் காட்டியது. லைன் செத்துவிட்டது என்று ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன்.

டைரியில் எழுதி முடித்ததும், பட்டாசு ஆலையில் கரண்டு வேலை பார்க்கும் மாரிசெல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் சொல்லை நம்பித்தான், போன சீசனில் ஆட்களோடு வெடித்த பதினான்காம் அறையை வெள்ளையடித்து நாளைக் காலை திறக்கிறார்கள். அங்கே வெடிமருந்து அடைக்க உட்காரப்போவது அவள் அம்மா இருளம்மாள்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் போய்விட்டிருந்தன. ஆனைக்குட்டம் பக்கமிருந்து வந்த காற்றில் கந்தக வாடையும், புதுச் சுண்ணாம்பின் ஈர வாடையும், அதற்கடியில் சுண்ணாம்பால் மூட முடியாத கருகல் வாடையும் கலந்திருக்க, ஃபியூஸ் பெட்டிக்கு முன்னால் நின்று இந்த முறை அந்த அறைக்குப் போகும் ஒரே ஒயரை மீட்டரில் பிடித்தாள். நான்கு ஆம்பியர்.

அந்த ஒயரின் மறுமுனை அறைக்குள் அறுந்து தொங்குவதை அவளே பார்த்திருக்கிறாள். கரண்டு செய்யும் வேலையைக் காட்டும் வாட் பக்கம் மீட்டரைத் திருப்பினாள். பூஜ்யம். அவள் படிக்கும் மாலை வகுப்பில் சொன்னதுதான்: ஏசியில் வேலை செய்யாத கரண்டும் உண்டு; கால் சுற்றில் எடுத்ததை அடுத்த கால் சுற்றில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் அறுந்த ஒயரில் அது ஓட வேண்டுமென்றால், இடைவெளி விட்டு எதிரே, அதை வாங்கித் திருப்பித் தர, ஏதோ ஒன்று நிற்க வேண்டும். பெரிதாக.

வாசல் கேட்டருகே ஃபோர்மேன் சின்னச்சாமியைப் பிடித்தாள்.

“அண்ணாச்சி, நாளைக்கு அந்த ரூம் வேண்டாம். லைன்ல கரண்டு ஓடுது.”

“காலையில செத்துப்போச்சுன்ன. சாயங்காலம் உசுரு வந்துருச்சாக்கும்?”

“தப்பாப் பிடிச்சிட்டேன் அண்ணாச்சி.”

“இப்பச் சரியாத்தான் பிடிச்சேன்னு என்ன நிச்சயம்? தீபாவளி லோடு நிக்குது தாயி. ஃபியூஸைப் பிடுங்கிட்டு வீட்டுக்குப் போ.”

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு லீவு போடும்மா.”

“சீசன்லயா? மொதலாளி என்ன எனக்குத் தாய்மாமனா? ரசம் ஆறுது, வா புள்ள.”

திரும்பிப் போய் ஃபியூஸைப் பிடுங்கினாள். பீங்கான் கட்டை அவள் கையில் இருந்தது. மீட்டரில் நான்கு. மெயினை இறக்கினாள். வளாகமே இருண்டது. நான்கு. ஒயர் மெல்ல உறுமியது. மூச்சு விடுவதுபோல் ஏறியது எண். இறங்கியது.

டார்ச்சோடு அறைக்கு நடந்தாள்.

வாசலில் செம்புத் தகடு. உள்ளே நுழையுமுன் உடம்பிலுள்ள மின்சாரம் தரைக்கு இறங்க எல்லோரும் உள்ளங்கை பதிக்கும் தகடு. நேற்று மாட்டியது. இன்னும் யாரும் தொடவில்லை.

யாருமில்லாமலே அதில் ஒரு கை பதிந்தது. ஈரமாக. மறைந்தது.

இன்னொரு கை. மறைந்தது.

இன்னொன்று. கட்டைவிரலில் நுனி இல்லை. கட்டிங் மெஷினில் அம்மா இழந்த நுனி.

அது மறையவில்லை.

டைரியில் அடுத்த வரியை எழுதினாள். நாளை: வேன் வருமுன் அம்மாவை உள்ளே வைத்து வீட்டைப் பூட்ட வேண்டும்.