வெசாவின் ஆணிப்பிடி

ரைலியின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பிப்ரவரியில் எங்கள் தீவுக்கு வெயில் வருவது தலையைக் காட்டிவிட்டு ஓடத்தான். அன்றைக்கு அதுவும் வரவில்லை. பருத்த டயர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன். மேஜையில் ஏலக்காய் பன் சூடாக இருந்தது. ரைலி காபியைத் தொட்டிருக்கவில்லை.

"சவுனாவுல அடுப்பு மூட்டிட்டியா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். வீட்டுக்கு வெளியே தனியாக நிற்கும் நீராவிக் குளியலறைதான் சவுனா; அடுப்பில் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி, படிப்பலகையில் உட்கார்ந்து ஆவியில் குளிப்போம்.

"மூட்டிட்டேன். நாம சுத்திட்டு வரவும் கல்லு காயவும் சரியா இருக்கும்."

"அப்புறம் ஏன்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நான் உன் பன்னத் திங்க வந்தவ மாதிரி."

அவள் விரலால் தரையைக் காட்டினாள். "கேளு."

முன்பு படகுக் கொட்டகையாக இருந்த வீடு அது. பாதி கரையில், பாதி கடலுக்கு மேல் மரக்கால்களில் நிற்கும். உறைந்த கடல் முனகுவதும் வெடிப்பதும் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழகிய சத்தம். இது அது இல்லை. பலகைக்குக் கீழே, வெகு கீழே, ஏதோ ஒன்று பிராண்டியது. நிறுத்தியது. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடியும் பிராண்டியது.

"நீர்நாயா இருக்கும்" என்றேன்.

"கடல் உறைஞ்ச நாள்லேர்ந்து இதேதான் சிர்பா. நான் ஒழுங்காத் தூங்கி ஒரு மாசமாச்சு. அவரு வெளிய வர வழி தேடுறாரு."

அவர் என்றால் வெசா, அவள் புருஷன். போன குளிர்காலத்தில் இதே கரையோரமாகச் சைக்கிளில் போனவர், பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டார். சைக்கிள் கிடைத்தது. தொப்பி கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. கல்லறையில் பெயர் மட்டும் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஆணிப்பிடி இல்லாமல் யாரும் பனிக்கட்டியில் கால் வைக்க மாட்டார்கள். இரண்டு மரப்பிடிகள், நுனியில் கூரான ஆணி, இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. கழுத்தில் போட்டுக்கொள்வோம். உள்ளே விழுந்தால் பனிக்கட்டியில் மாறி மாறிக் குத்தி, உடம்பை இழுத்துக்கொண்டு மேலே ஏறலாம். வெசாவுக்கும் ரைலி ஒன்று வாங்கித் தந்தாள். அந்த வீம்புக்காரர் அதைப் போட்டதே இல்லை. "நான் தவழ்ந்ததே இந்த ஐஸு மேலதான், எனக்கெதுக்குத் தாலி?" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்வார். சவுனாக் கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் அது சும்மா தொங்கும். அவர் போன அன்றைக்கும் அங்கேதான் தொங்கியது, நுனியில் மாட்டிய தக்கைகூடக் கழற்றாமல்.

அன்று ரைலியின் கழுத்தில் இரண்டு ஆணிப்பிடிகள் தொங்கின. ஒன்று அவளுடையது. மற்றதில் சிவப்புக் கயிறு.

"அவர் விழுந்த இடத்துல இதக் கொடுத்துட்டு வந்துடலாம்" என்றாள். "இது இல்லாமத்தான் அடங்க மாட்டேங்குறாரு. கொடுத்துட்டா தூங்குவாரு. நானும் தூங்குவேன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தபின் மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

வழுக்காமலிருக்க டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு கிளம்பினோம். மோட்டார் வண்டியில் போனால் கடலில் எதுவும் காதில் விழாது. சைக்கிளில் எல்லாம் விழும். டயரின் முட்கள் பனிக்கட்டியைக் கடிக்கும் சத்தம், நாணல் உரசுவது, சொந்த மூச்சு. ரைலி முன்னால் போனாள். அவள் பின்விளக்கைப் பார்த்தபடி நான். காற்று பனியைத் துடைத்துவிட்டதால் கீழே கருப்புக் கண்ணாடியாக இருந்தது கடல்.

அந்தச் சத்தம் எங்களோடு வந்தது.

ரைலி நின்றால் அதுவும் நின்றது. அவள் மிதித்தால் அதுவும் நகர்ந்தது. எனக்குக் கீழே இல்லை. அவளுக்குக் கீழே மட்டும்.

நெற்றி விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பனிக்கட்டிக்கு அந்தப் பக்கம், அடியிலிருந்து, வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். ஐந்து ஐந்து கோடுகள். அவள் டயர் போன வழியெல்லாம்.

"ரைலி, திரும்பிடலாம்டி."

"கிட்ட வந்துட்டோம்" என்று அவள் கிசுகிசுத்தாள்.

பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் இறங்கினாள். தூண்டில்காரர்கள் பனிக்கட்டியைத் துளைக்க வைத்திருக்கும் திருகைப் பையிலிருந்து எடுத்து, குனிந்து சுற்றினாள். கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. கருப்புத் தண்ணீர் பொங்கி எழுந்து அடங்கியது. அழுகிய பாசி வாடை வந்தது. கூடவே, சத்தியமாகச் சொல்கிறேன், வெசா பிடிக்கும் சுருட்டு வாடையும்.

அவள் ஆணிப்பிடியைக் கயிற்றில் பிடித்துத் துளைக்குள் இறக்கினாள். "இந்தாங்க. உங்களுக்கு வாங்குனதுதான். இனிமே தேடாதீங்க. தூங்குங்க."

கயிறு விறைத்தது.

மெதுவாகத்தான் இழுத்தது, கையில் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவர் இழுப்பதுபோல. ரைலி விரல்களை விட்டாள். சிவப்புக் கயிறு உள்ளே போய் மறைந்தது.

பிராண்டல் நின்றது.

அங்கேயே முழங்காலிட்டு அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதுடி" என்றாள். பையில் இருந்த பன்னை அங்கேயே நின்று தின்றோம். திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது. அவள் மெல்ல ஏதோ பாட்டை முனகிக்கொண்டே மிதித்தாள். நான்கூட என் பயத்தை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். அந்த வழி முழுக்க ஒருமுறைகூட எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. ரைலிக்கும் வரவில்லை.

ஆணிப்பிடி எதற்கு என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் வீட்டுப் படகுத்துறை தெரிந்தபோது சட்டென்று பிரேக் பிடித்தாள். துறையோரம் பனிக்கட்டி உடைந்து கிடந்தது. போகும்போது முழுசாக இருந்த இடம். துண்டுகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. கீழேயிருந்து முட்டி உடைத்த உடைப்பு.

அங்கிருந்து கரை வரைக்கும் துளைகள். இரண்டு இரண்டாக, தோளகல இடைவெளியில். நடுவே எதையோ இழுத்துப் போன ஈரத் தடம். அது அதற்குள் உறையத் தொடங்கியிருந்தது.

தடம் வீட்டுக்குப் போகவில்லை. சவுனாவுக்குப் போனது.

"கடல்லேர்ந்து வந்தா நேரா அங்கதான் போவாரு" என்றாள் ரைலி. அவள் குரல் அவள் குரலாகவே இல்லை. "வீட்டுக்குள்ளகூட வரமாட்டாரு."

நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விளக்கு வெளிச்சம் சவுனாக் கதவில் விழுந்தது. கதவோர ஆணியில் அது தொங்கியது. சிவப்புக் கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. நுனித் தக்கைகள் இல்லை. ஒரு நாளும் உபயோகிக்காத ஆணிகள் தேய்ந்து மொட்டையாக இருந்தன.

உள்ளே மரப்பலகை கிறீச்சிட்டது, மேல்படியில் யாரோ உட்காருவதுபோல.

பிறகு, காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

"குளிரா இருந்திருக்கும் அவருக்கு" என்று சொல்லி ரைலி ஓர் அடி எடுத்து வைத்தாள். நான் அவளைத் தரதரவென்று இழுத்து வந்தேன். சைக்கிள்கள் அங்கேயே கிடந்தன.

அன்று முதல் அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். மறுநாள் என் தம்பி போய்ப் பார்த்தான். சவுனா காலி, அடுப்பு ஆறிக் கிடக்கிறது என்றான். இருந்த விறகையெல்லாம் அவனே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆனால் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், உறைந்த விரிகுடாவுக்கு அக்கரையில் அவள் சவுனாவின் புகைபோக்கி தெரியும். சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் ஊரில் எல்லோர் வீட்டுச் சவுனாவிலும் புகை எழும். அதிலும் எழுகிறது.

ரைலி இப்போது நன்றாகத் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள். சனிக்கிழமை மட்டும் அந்த ஜன்னலைவிட்டு நகர மாட்டாள். போன வாரம் ஒன்று சொன்னாள், என்னைப் பார்க்காமலே.

"பாவம், முதுகு தேய்ச்சு விட ஆளில்ல."

இன்றைக்குச் சனிக்கிழமை. கொட்டகையில் விறகு எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஜன்னலருகே ரைலி இல்லை. அக்கரையில் புகை எழுந்துகொண்டிருந்தது. ரைலியின் ஆணிப்பிடி என் வீட்டுக் கதவோரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. கொடியில் அவள் குளிக்கும் துண்டைக் காணோம்.