நானூற்றுப் பதிமூன்றாவது வரி

மதியம் எண்ணியபோது பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு இணையதளங்கள் இருந்தன. நான்கு மணிக்கு ஒன்று கூடியிருந்தது.

விடுமுறை நாள், அலுவலகத்தில் அவள் மட்டும். 'இது அசல் இணையதளம்தான்' என்று பார்ப்பவருக்கு உறுதி சொல்லும் சான்றிதழ்களை வழங்குகிற நிறுவனம், தன் சோதனை முறையில் ஓட்டை இருந்ததாகவும், கொடுத்த அத்தனையும் மாலை ஆறு மணிக்கு ரத்தாகும் என்றும் காலையில் அறிவித்திருந்தது. அதற்குள் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் பழையதை நீக்கிப் புதுச் சான்றிதழ் மாற்ற அவள் ஒப்புதல் தர வேண்டும். ஏசியின் உறுமலும் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும் சுற்றிலும் தேங்கி நிற்க, காலி நாற்காலிகளின் நிழல்கள் அவள் மேசையை நோக்கி நீண்டுகொண்டே வந்தன.

கூடுதல் வரியில் தளத்தின் பெயர் இல்லை. அவள் வீட்டு முகவரி இருந்தது.

மேனேஜருக்கு போன் செய்தாள். "சார், ஒரு வரி அதிகமா இருக்கு."

"யாராவது டெஸ்டுக்குப் போட்டிருப்பாங்கம்மா. மொத்தமா அப்ரூவ் பண்ணிடுங்க, நேரமில்ல."

கேட்டவர் யாரென்று விசாரிக்காமல் எதற்கும் ஒப்புதல் தரக்கூடாது. அந்த விதியை எழுதியதே அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் அனுப்பினாள்.

ஆறு அடித்ததும் கிளம்பினாள். வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு. ஆறு வருடமாக வணக்கம் சொல்லும் காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "யாரைப் பாக்க வந்திருந்தீங்கம்மா?" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டு முகவரி இருந்த அந்த வரி நினைவுக்கு வந்தது. வீட்டில் பத்து வயது மகள் தனியாக இருந்தாள். யார் தட்டினாலும், இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சொல்லைச் சொன்னால்தான் திறக்க வேண்டும் என்று பழக்கியிருந்தாள்.

ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"அம்மாடா கண்ணு. ஊதாக் குடை."

உள்ளிருந்து மெல்லிய குரல்.

"அது பழசு. அம்மா ஆறு மணிக்கே வந்து வேற மாத்திட்டாங்க."

"நான்தான்டா அம்மா! திற!"

"பயமா இருக்கும்மா," என்றாள் மகள். இவளிடம் அல்ல.

"திறக்காதடா கண்ணு. நான் இருக்கேன்ல."

கதவுக்குப் பின்னால் இவளுடைய அதே குரல். இவளுடைய அதே கொஞ்சல்.

கதவடியில் வெளிச்சக் கோடு. அதில் மகளின் சின்னப் பாதங்கள். பின்னால், இன்னும் இரண்டு.

மேல் தாழ்ப்பாள் விழுந்தது. மகளுக்கு அது எட்டாது.