பதினெட்டாம் வீட்டின் நடுக்கோடு

"மவுசப் புடிச்சு நேரா ஒரு கோடு போடுவியா புள்ள?"

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் கொமினிகேசன் கடை வைத்திருந்த நளீரா, ஒருநாள் மதுஷாவிடம் கேட்ட கேள்வி இது. மதுஷா படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கடை கூட்டவும் போட்டோக்கொப்பி எடுக்கவும் வந்தவள். யாராவது முகம் பார்த்துப் பேசினால் தரையைப் பார்ப்பாள். அன்றைக்கும் வாயைத் திறக்காமல் மவுசைப் பிடித்து ஒரு கோடு போட்டுக் காட்டினாள். நளீரா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அடேயப்பா! வாய்தான் கோணல், கை நேராத்தான் இருக்கு."

அந்த நேர்க்கோடுதான் 2007 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கம்பியூட்டருக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தது.

ஏழு மாதத்துக்கு முன்பு, மதுஷா குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை மூடியிருந்தது. பதினெட்டு காம்பரா, ஒவ்வொன்றும் ஒரே அறை. தப்பியவர்கள் எல்லாரும் பழைய தேயிலை பக்டரியின் மேல்மாடியில், ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய பலகைத் தரையில், படுத்துக் கிடந்தார்கள். மதுஷாவின் அம்மா இராக்கம்மாவுக்குக் குளிரில் கால் இரண்டும் வீங்கி, விரல்களுக்கு இடையில் வெடித்துப் புண்ணாகியிருந்தது. இன்னொரு மழைக்காலத்தை அந்த மாடியில் தாங்கமாட்டாள் என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்காரரே சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் உதவி நிறுவனம் ஒன்று பதினெட்டு வீடு கட்டித்தர முன்வந்தது. வீட்டை இருக்கப்போகிறவர்களே வரைய வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. கொழும்பிலிருந்து வரவேண்டிய படவரைஞர் கீர்த்திகன், பெரகலைக்கு மேலே ரோட்டில் மண் விழுந்ததால் வர முடியவில்லை. ஆகவே மெசெஞ்சரில் ஒரு வெள்ளைப் பலகையைத் திறந்துகொண்டு, அவன் அங்கிருந்தும் இவள் இங்கிருந்தும் ஒரே படத்தை வரைந்தார்கள். அவனுடைய கோடு நீலம். இவளுடையது சிவப்பு. அடுப்பு எந்த மூலை, புகை எங்கே போவது, சாமித்தட்டு எந்தப் பக்கம் என்று மாடியில் இருந்தவர்கள் சொன்னதையெல்லாம் அவள் சிவப்பில் போட, அவன் அளவு பார்த்து நீலத்தில் திருத்துவான். காதில் மாட்டிய ஹெட்போனில் அவன் குரல் கேட்கும். முகம் பார்க்கத் தேவையில்லை. மதுஷாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று பின்னேரம் நாலு மணிக்குள் படம் போகாவிட்டால், அந்த உதவி வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

பகல் சாப்பாட்டுக்கு நளீரா வீட்டுக்குப் போனபோது மணி ஒன்றரை. வெளியே மூடுபனி இறங்கி, எதிர்க்கடைப் பல்பு கூட மஞ்சள் பொட்டாகத்தான் தெரிந்தது. கடையில் மதுஷா தனியே இருந்தாள்.

"பிள்ளை, பதினெட்டாம் வீட்டில ஏன் நடுவில சுவர் போட்டனீங்கள்?" என்று கீர்த்திகன் கேட்டான்.

அவள் பார்த்தாள். பதினெட்டாம் வீட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு கோடு நின்றது.

"நான் போடல சார். நீங்க போட்டீங்கன்னு நெனச்சேன்."

"நானோ? நல்ல பகிடி. சரி, அழிச்சுவிடுங்கோ."

அழித்தாள். அடுத்த வீட்டுக்கு அளவு போட்டுக்கொண்டிருக்கும்போதே, கண்ணின் ஓரத்தில் அந்தக் கோடு மேலிருந்து கீழே மெதுவாக இறங்குவது தெரிந்தது. கைநடுங்கும் ஒருவர் வரைவதைப் போல வளைந்து வளைந்து வந்தது.

அது சிவப்பில்லை. நீலமும் இல்லை.

ஈர மண்ணின் நிறம். அந்தப் பலகையின் கீழே இருந்த வண்ணப்பெட்டிகளில் அப்படியொரு நிறமே கிடையாது.

"பிள்ளை, விளையாட நேரமில்லை," என்றான் கீர்த்திகன். குரலில் லேசான எரிச்சல். "ஓம், அதோட ஒண்டு கேக்கோணும். உங்களுக்குப் பக்கத்தில ஆர் இருமுறது?"

மதுஷா திரும்பிப் பார்த்தாள்.

"இங்க யாருமில்ல சார்."

"வயசான ஆளின்ர இருமல். கிட்டத்தில கேக்குது. மைக்குக்குப் பக்கத்தில."

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் மணம் வந்தது. வெட்டிய மண்ணின் மணம். வேரும் அழுகிய இலையும் கலந்த, ஏழு மாதத்துக்கு முன்பு ஊரெல்லாம் வீசிய மணம். பக்கத்து நாற்காலியின் பிளாஸ்டிக் இருக்கை, யாரோ பாரத்தை வைத்து உட்கார்ந்ததுபோல, மெல்ல முனகியது.

பதினெட்டாம் காம்பராவைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அது தம்பையா பேரில் இருந்த காம்பரா. தம்பையா, அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். புருஷன் செத்து, வேறு தோட்டத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து நின்ற இராக்கம்மாவுக்கு அவர்தான் இடம் கொடுத்தார். காம்பராவுக்கு நடுவே ஒரு கயிற்றைக் கட்டி, சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டார். அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர். பத்தொன்பது வருடம் அப்படித்தான் போனது. தோட்டங்களில் இது ஒன்றும் புதினமில்லை. ஒரு கதவு, இரண்டு குடும்பம், தோட்டத்துப் பதிவுப் புத்தகத்தில் ஒரு பெயர்.

மலை சரிந்த அன்று தாயும் மகளும் பதுளை ஆஸ்பத்திரியில் மருந்துக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். தம்பையா வீட்டில் ஐந்து பேரும் உள்ளே இருந்தார்கள். மண்ணை எவ்வளவு தோண்டியும் ஒருவரும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் கருமாதி செய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

வீட்டுக்குரியவர்களின் பெயர்ப்பட்டியலை எழுதும் வேலை மதுஷாவுக்கு வந்தபோது இராக்கம்மா சொன்னாள்:

"பதினெட்டுக்குத் தம்பையாண்ணன் பேர எழுது."

"அவுங்கதான் இல்லியேம்மா."

"செத்துட்டாங்கன்னு நீ பாத்தியா? மண்ணத் தோண்டி எடுத்தியா? பேர எழுதுடி. அவுக வர்ற வரைக்கும் நாம ஒரு ஓரமா இருந்துக்குவோம்."

அந்தப் பெயரை எழுதினால் வீடு இல்லை என்று அம்மாவுக்கு விளங்கவைக்க மதுஷாவால் முடியவில்லை. காம்பரா யார் பேரிலோ, அவருக்குத்தான் வீடு. ஆள் இல்லையென்றால் அந்தப் பேரை வெட்டிவிடுவார்கள். அம்மாவின் காலைப் பார்த்தாள். இராக்கம்மா என்று எழுதினாள். எழுதிவிட்டாயா என்று அம்மா கேட்டதற்கு, எழுதிவிட்டேன் என்று தலையாட்டினாள்.

பத்தொன்பது வருடம் அந்தக் காம்பராவில் தாங்கள் இருவர் மட்டுமே இருந்ததாகவும் எழுதிக்கொடுத்தாள்.

மணி மூன்று.

கோட்டை அவள் பதினொரு தடவை அழித்துவிட்டாள். பதினொரு தடவையும் அது திரும்பி வந்தது. மெசெஞ்சரில் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் இடத்தில் அவள் பெயரும் கீர்த்திகன் பெயரும் இருந்தன. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி. பெயரில்லாத வெற்று வரி. ஆனால் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

கீர்த்திகன் மேலதிகாரியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போயிருந்தான்.

மதுஷா தட்டச்சுப் பலகைமேல் குனிந்தாள். பேச வராத வாய். விரல்கள்தான் பேசின.

"மாமா, நீங்களா?"

மறுபடியும் தட்டினாள்.

"அம்மாவுக்குக் கால் அழுகுது மாமா. எங்களுக்குப் போக எடமில்ல. இந்த ஒரு வீட்ட விட்டுருங்க. கையெடுத்துக் கும்புடுறேன்."

எழுதும்போதே கண்ணீர் விசைகளில் விழுந்தது. அவள் உண்மையிலேயே கைகூப்பினாள். பனியால் அடைபட்ட அந்தக் கடையில், ஒரு கம்பியூட்டரைப் பார்த்து.

படத்தில் ஏதோ அசைந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வட்டம் விழுந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.

மூன்று. நாலு. ஐந்து.

ஐந்தும் தலையோடு தலை ஒட்டிப் படுத்தவர்களைப்போல வரிசையாக இருந்தன. கடைசி மூன்றும் சிறியவை; வளர்ந்த பிள்ளைகளும் அந்தக் கைக்குச் சின்னப் பிள்ளைகள்தான்.

பிறகு அந்தக் கை கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. வந்து, இரண்டு வட்டம் போட்டது.

மதுஷாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா, அலறலா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர்கள் விரட்ட வரவில்லை. பழையபடி ஒன்றாக இருக்க வந்திருக்கிறார்கள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"என்ன முடிவு பிள்ளை?" கீர்த்திகன் திரும்பிவிட்டான். "மணி நாலாகப்போகுது. அந்தச் சுவர்?"

அவளுக்கு இரண்டு வழி இருந்தது. பட்டியலில் பெயரைத் திருத்தச் சொல்லலாம், வீடு போய்விடும். அல்லது...

"சுவர் இருக்கட்டும் சார். நான்தான் போட்டேன்."

"அப்ப அந்தப் பக்கத்துக்குக் கதவு வைக்க மறந்திட்டீங்களே? எப்பிடிப் போறது?"

"போகத் தேவையில்ல சார்."

"நான் ஒரு கதவு வைச்சு விடுறன்," என்று அவன் நீலத்தில் ஒரு கதவு வரைந்தான். மூன்று ஐம்பத்தெட்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருடம் வீடுகள் எழும்பின. மேசன் கையில் இருந்த படத்தில் பதினெட்டாம் வீட்டில் நடுச்சுவர் இருந்தது. நீலக் கதவு இல்லை. படத்தில் உள்ளபடிதான் கட்டுவேன் என்று அவர் கட்டி முடித்தார். அந்தப் பாதிக்கு வாசலும் இல்லை, ஜன்னலும் இல்லை.

சாவி கொடுத்த அன்று நல்ல வெயில். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் கூடியிருக்க, பெயர் கூப்பிட்டார்கள்.

"பதினெட்டு. இராக்கம்மா."

இராக்கம்மா எழும்பவில்லை; தம்பையா பேரைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். மதுஷா தரையைப் பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ, "ஏ இராக்கு, வீடு கசக்குதா? எந்திரிச்சுப் போ!" என்று சிரித்தார்கள். அவள் நொண்டி நொண்டிப் போய்ச் சாவியை வாங்கினாள்.

உள்ளே சுண்ணாம்பு மணந்தது. அதற்கு அடியில் அந்த மற்ற மணமும் இருந்தது. இராக்கம்மா சுவரின் முன்னால் வெகுநேரம் நின்றாள். உள்ளங்கையை அதில் வைத்தாள். காதை ஒட்டவைத்தாள். அவளுக்கு என்ன கேட்டதோ, முகம் சாம்பலாகிப் போனது.

பிறகு அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். நிறுவனம் கொடுத்த பிளாஸ்டிக் கோப்பைகளில் ஏழு எடுத்தாள். ஏழிலும் பால் ஊற்றினாள். இரண்டைத் தங்கள் பக்கம் வைத்துவிட்டு, ஐந்தைச் சுவரின் அடியில் வரிசையாக வைத்தாள்.

"அம்மா..." என்றாள் மதுஷா.

இராக்கம்மா மகளின் தோளைப் பிடித்து வாசலைப் பார்த்துத் திருப்பினாள். செத்தவர்களுக்குப் படைத்ததை அவர்கள் உண்ணும்போது பார்க்கக் கூடாதென்று, இருவரும் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். வெளியே பிள்ளைகள் புது வீட்டுக்குப் புது வீடு ஓடித் திரிந்தார்கள்.

பின்னால் ஓர் இருமல் கேட்டது.

இந்த முறை மதுஷாவுக்கும் கேட்டது.

திரும்பியபோது ஐந்து கோப்பையும் காலி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரல் உயரத்துக்கு ஈர மண் படிந்திருந்தது.

மதுஷா அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். இராக்கம்மா கையை விலக்கிக்கொண்டாள். சாவியை மகளுடைய பால் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னும் அவிழ்க்காத துணிமூட்டையைத் தூக்கித் தலையில் வைத்து, வெடித்த கால்களோடு படியிறங்கி, பக்டரி மாடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்து போனாள்.