முள்ளிக்காட்டு லிங்க்

சிவப்பாக வேண்டிய விளக்கு பச்சையாகவே நின்றது. இனிகோ கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். பச்சைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால். தருமபுரி கடைவீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் அவனைத் தவிர யாருமில்லை. ஏசியின் குளிரும், பேட்டரி அறையிலிருந்து வரும் புளித்த வாடையும், ரவுட்டர் பெட்டிகளின் விசிறிகள் ஓயாமல் இரைவதும் ஆறு வருடமாக அவனுக்குப் பழகிப்போனவை. மாவட்டத்து அலுவலகங்களுக்கும் மலைமேல் இருக்கும் சுகாதார நிலையங்களுக்கும் போகிற போன், இன்டர்நெட் லிங்க்குகள் உயிரோடு இருக்கின்றனவா என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. லிங்க் இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. பக்கத்தில் எரர் எண். வழியில் சிதைந்து வரும் ஒவ்வொரு தகவல் துணுக்குக்கும் அது ஒன்று ஏறும்.

சித்தேரி மலையில் முள்ளிக்காட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போகும் கேபிள் ஆறு வாரத்துக்கு முன்பே மரம் விழுந்து அறுந்துவிட்டது. மலையேறிச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. இந்த மாதம் இன்னொரு சிவப்பு விழுந்தால் உன் வேலை இருக்காது என்று மேலாளர் பிரபாகர் சொல்லியிருந்தார். சில்வியாவுக்கு அப்போது ஏழாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, இரண்டு தடவை கலைந்த பிறகு தங்கிய பிள்ளை. இனிகோ அரூர் ரவுட்டரில் லூப் போட்டான். லூப் என்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. நாம் அனுப்புவதை நமக்கே திருப்பிவிடும் ஏற்பாடு. மலைமேல் இருப்பவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் இங்கே கேட்காது. திரை தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு எல்லாம் நலம் என்று பச்சை காட்டிக்கொண்டிருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மல்லையன் என்ற மலைக்காரர் ஒருவர் முள்ளிக்காட்டிலிருந்து அரூர் வரை நடந்து வந்து அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"சார், நர்சம்மா ஆபீஸ் போனு செத்துக் கெடக்குதுங்க. எம் பொஞ்சாதிக்கு நெறமாசங்க. செத்த பாத்து உடுங்க சார்."

"இங்க பச்சையாத்தான்பா இருக்குது. கோளாறு உங்க பக்கந்தான்."

"பச்சைன்னா என்னாங்க சார்?" என்று கேட்டார். இனிகோ போனை வைத்துவிட்டான்.

நான்காம் நாள் மல்லையன் மனைவி கோகிலாவுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸை அடிவாரத்துக்கு வரச்சொல்ல நர்சுக்கு வழியில்லை. மல்லையனும் அவர் தம்பியும் மூங்கில் கம்பில் போர்வையை டோலியாகக் கட்டி அவளைச் சுமந்துகொண்டு இறங்கினார்கள். பாதி இறக்கத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. புதைத்த மறுநாள் காலையில் அண்ணன் தம்பி இருவரும் ஊரில் இல்லை. எங்கே போனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்தச் சாவுகளைப் பற்றித் திங்கட்கிழமை விசாரணை. "லூப்பை எடுத்துட்டு கவுண்ட்டரை க்ளியர் பண்ணிரு இனிகோ. கேபிள் இன்னிக்குத்தான் அறுந்துச்சு, அதுவரைக்கும் லிங்க் நல்லா இருந்துச்சு, யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலைன்னு ரிப்போர்ட் எழுதி அனுப்பிச்சிரு" என்று சனிக்கிழமை மத்தியானம் சொன்னார் பிரபாகர். சொல்லிவிட்டு அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். இனிகோ லூப்பை எடுத்தான். எண்களை அழித்தான். அறுந்த கேபிள் சிவப்பைக் காட்டவேண்டும்.

காட்டவில்லை. பச்சை. எரர் பூஜ்யம்.

பிறகு நான்கு.

பிறகு எட்டு. பன்னிரண்டு. அவன் அழித்தான். மறுபடி நான்கு, எட்டு. கேபிள் வந்து சேரும் போர்ட்டையே மூடிப் பார்த்தான். மூடிய போர்ட்டிலும் எண் ஏறியது. அவசரமே இல்லாத ஏற்றம். பிரபாகரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"பச்சையா இருந்தா நல்லதுதானேப்பா, அதுக்குப் போயி அழுவற?" என்று அவர் சிரித்தார்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போகாமல் நேராக அலுவலகத்துக்கு வந்தான். முள்ளிக்காட்டு எண் நடுராத்திரிக்குமேல் நின்றுபோயிருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவன் அடுத்த வரியைப் பார்த்தான். அரூரிலிருந்து மொரப்பூருக்குப் போகும் லிங்க்கில், முந்தையது நின்ற அதே நிமிடத்தில், எரர் தொடங்கியிருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு அதுவும் நின்றிருந்தது. இப்போது மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் நடுவில் ஏறிக்கொண்டிருந்தது. நான்கு நான்காக.

அவன் தாளை எடுத்துத் தூரத்தை மணியால் வகுத்துப் பார்த்தான். நின்றுபோன இரண்டு லிங்க்கிலும் ஒரே வேகம். மணிக்கு மூன்றரை கிலோமீட்டர். மனிதர்கள் நடக்கிற வேகம், அதுவும் சுமையோடு நடக்கிற வேகம். திரையை நெருங்கிக் குனிந்து கவனித்தபோது அந்த நான்கும் ஒரேயடியாக ஏறவில்லை என்பது தெரிந்தது. ஒன்று, ஒட்டினாற்போல் ஒன்று. சின்ன இடைவெளி. ஒன்று, ஒட்டினாற்போல் ஒன்று. முன்னால் ஒருவர் கால், பின்னால் ஒருவர் கால். டோலி சுமக்கிறவர்கள் சேர்ந்தாற்போல் அடி வைக்கமாட்டார்கள், வைத்தால் உள்ளே இருப்பவர் ஆடிப்போவார் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தது அவன் நினைவுக்கு வந்தது.

பதினொரு மணிக்கு ரிப்போர்ட்டைத் திறந்தான். முந்தின நாள் எழுதி வைத்திருந்த பொய்யை அழித்துவிட்டு உண்மையை எழுதினான். லூப் போட்டது நான், மல்லையன் போன் செய்தார், நான் பொய் சொன்னேன். எழுதும்போது அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. இதை அனுப்பிவிடுகிறேன் மாதாவே, என்னை மட்டும் விட்டுவிடச் சொல் என்று வேண்டினான். விரல் மட்டும் அனுப்பும் பொத்தானுக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றது மனசு.

ஒரு மணிக்கு மொரப்பூர்-தருமபுரி எண்ணும் நின்றது.

கீழே கடைவீதி ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காலியாகக் கிடந்தது. இனிகோ கதவுக்குத் தாழ் போட்டு, மேசையை இழுத்து முட்டுக் கொடுத்தான். விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் வந்தது. பாரம் தாங்கி வளையும் பச்சை மூங்கிலின் கிரீச். இரும்புப் படியில் வெறுங்கால். நனைந்த போர்வையின் நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்து ஏசிக் குளிரோடு கலந்தது. அதில் ரத்த வாடையும் இருந்தது.

கிரீச்.

கதவுக்கு வெளியே நின்றது.

யாரோ மூச்சு வாங்கினார்கள். இரண்டு பேர். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். ஒரு நிமிடம். இரண்டு. கதவு தட்டப்படவில்லை. பிறகு கிரீச், கிரீச் என்று படியில் இறங்கி, தெருவில் போய், தேய்ந்து மறைந்தது.

போய்விட்டார்கள். இனிகோ தரையிலேயே முட்டி போட்டு மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டான். முகம் கழுவினான். சில்வியா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றைத் திறந்து வயிறாரச் சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிடத் தைரியம் வந்தது. ராத்தூக்கம் கெட்டதில் மண்டை குழம்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டான். கையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, எழுதிய உண்மையை வரி வரியாக அழித்தான். பழைய பொய்யை எழுதி அனுப்பினான். இந்தத் தடவை விரல் தயங்கவே இல்லை.

அப்போதுதான் திரையின் அடியில் கடைசி வரியைப் பார்த்தான். அவசரத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனி அவன் வீட்டுக்குக் கொடுத்த லிங்க் அது. பென்னாகரம் ரோட்டு வீடு, இங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். அதில் எரர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் சோறு தின்ற நேரமெல்லாம் ஏறியிருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது.

வீட்டுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே சில்வியா எடுத்தாள்.

"ஏங்க, நானே கூப்புடலாம்னு இருந்தேன். வாசல்ல ரெண்டு பேரு நிக்கறாங்க. தோள்ல கம்பு, அதுல போர்வை கட்டியிருக்குது. ரொம்ப தூரம் நடந்து வந்தவங்களாட்டம் இருக்குதுங்க. தண்ணி கேக்கறாங்க."

"தெறக்காத சில்வியா! கதவத் தெறக்காத!"

தெறக்காத சில்வியா, கதவத் தெறக்காத என்று அவன் குரலே அவன் காதுக்குத் திரும்பி வந்தது.

"ஹலோ? ஏங்க? ஒண்ணுமே கேக்கலியே... போர்வை காலியாத்தாங்க இருக்குது. என்னமோ என்னைக் கூட்டிட்டுப் போவ வந்தோம்ங்கறாங்க. நீங்களா அனுப்பிச்சீங்க?"

அவன் இல்லை என்று கத்தினான். கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினான். நான்தான் லூப் போட்டேன், நான்தான் பொய் சொன்னேன், எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினான். சொன்னதெல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் அவனுக்கே திரும்பி வந்தது. அந்தக் கதறலுக்கு நடுவே, மிகத் தெளிவாக, அவன் வீட்டுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

திரையில் வீட்டு லிங்க்கின் எண் மறுபடி நகர்ந்தது. ஒன்று, ஒட்டினாற்போல் ஒன்று. முன்பைவிட மெதுவாக. பாரம் ஏறிய நடை. கதவுக்கு முட்டுக் கொடுத்த மேசையை அவன் இழுத்தான். அது அசையவில்லை. அவனுக்குப் பின்னால் திரையில் தருமபுரி, மொரப்பூர், அரூர், முள்ளிக்காடு என்று மலையுச்சி வரைக்கும் வழி முழுக்கப் பச்சை எரிந்தது.