மூன்றாவது படியில் ஒரு சிறுமி

“சூப்பர்னு மட்டும் சொல்லாத அருளு. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. எது நல்லாருக்கு, எது நல்லா இல்ல, ரெண்டையும் சொல்லு,” என்றான் ஜார்ஜ்.

அருள்ஜோதிக்குப் பதினொரு வயது. ஜார்ஜ் அவளுடைய பெரியம்மா மகன். அவளைவிட மூன்று வயது பெரியவன். ஆறு மாதமாக உட்கார்ந்து ஒரு கணினி விளையாட்டை அவனே எழுதியிருந்தான். பெயர் ‘மூடுபனி மாளிகை’. சனிக்கிழமை சமூக மன்றத்தில் போட்டி. அன்று வியாழக்கிழமை.

ஜார்ஜின் வீடு ஜாலான் புசார் சாலையில், ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெளியே டிசம்பர் மழை. பிற்பகல் மூன்று மணிக்கே அறை இருட்டிக் கிடந்தது. திரையில் மட்டும் பச்சை எழுத்துகள் ஒளிர்ந்தன.

‘நீ யார்? வீரனா, திருடனா, மருத்துவரா?’

அருள்ஜோதி மருத்துவரைத் தேர்ந்தெடுத்தாள்.

‘தைரியம்: 10. மருந்து: 5. நீ மாளிகைக்குள் நுழைகிறாய். உனக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது.’

டொக்!

அந்தச் சத்தத்தில் அவள் தோள் குலுங்கியது. ஜார்ஜ் சிரித்தான்.

அவள் பொத்தானை அழுத்தி அழுத்தி முன்னேறினாள். ‘நீண்ட மேசை. பத்துக் கிண்ணங்களில் சூப். ஆவி பறக்கிறது. நாற்காலிகளில் யாரும் இல்லை.’

படம் எதுவும் கிடையாது. வெறும் எழுத்துதான். ஆனாலும் அந்த மேசை அவள் கண்முன்னால் தெரிந்தது.

‘மாடிப்படி. மூன்றாவது படியில் ஒரு சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுகிறாள். தாக்குகிறாயா? ஓடுகிறாயா?’

ஓடினாள். ‘நீ இறந்துவிட்டாய்’ என்று வந்தது. மறுபடி வாசலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அடுத்த முறை தாக்கினாள். அப்போதும் இறந்தாள். நான்காவது தடவை மேசையைத் தாண்டியபோது அவளுக்கு அந்தச் சூப்பே ஆறிப்போனது போல் இருந்தது.

மறுபடியும் அந்தப் படி. அந்தச் சிறுமி. கூடவே, மெல்லிய அழுகைச் சத்தம்.

“அழற சத்தம்கூட வச்சிருக்கீங்களாண்ணே? ரொம்ப நல்லாருக்கு.”

ஜார்ஜின் முகம் மாறியது. “இல்லையே… இந்த ஸ்பீக்கர்ல டொக், பீப் மட்டும்தான் வரும்.”

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அழுகைச் சத்தம் நிற்கவில்லை. அது அறைக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது.

அருள்ஜோதி எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். செங்குத்தான மரப்படிகள் இருட்டுக்குள் இறங்கின. கீழிருந்து மூன்றாவது படியில் ஒரு சிறுமி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“கதவச் சாத்து!” என்று கிசுகிசுத்தான் ஜார்ஜ். அவன் ஏற்கெனவே கட்டிலின் மேல் ஏறியிருந்தான்.

அருள்ஜோதியின் கை கதவைச் சாத்தப் போனது. ஆனால் அந்தச் சிறிய முதுகு விம்மி விம்மி ஏறி இறங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“யாரு அது? ஏன் அழற?”

சிறுமி மெல்லத் திரும்பினாள். ஆனி! ஜார்ஜின் ஏழு வயதுத் தங்கை. கீழே கடைக்காரரின் பூனையைப் பார்க்கப் போனவள்.

அருள்ஜோதி இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மேல வரலயா?”

“பயமா இருக்குக்கா. அண்ணன் கேம்ல ஒரு பொண்ணு படியில இருக்கா இல்ல? அவ இங்கயும் இருப்பா.”

“அவ உன்ன என்ன செய்வா?”

“தெரியாது. அவ ஏன் அழறான்னு அண்ணன் சொல்லவே இல்ல. அவள அடிக்கணும், இல்லன்னா ஓடணும். அவ்ளோதான்.”

அருள்ஜோதி ஆனியின் கையைப் பிடித்து மேலே அழைத்துவந்தாள். கட்டிலிலிருந்து இறங்கிய ஜார்ஜ், எதுவுமே நடக்காதது போல் தலை வாரிக்கொண்டிருந்தான்.

“இப்ப சொல்றேண்ணே,” என்றாள் அருள்ஜோதி. “கதவுச் சத்தம் பிரமாதம். சூப் மேசை, இன்னிக்கு ராத்திரி எனக்குக் கனவுல வரும். ஆனா ஒவ்வொரு தடவையும் வாசல்லேருந்து வரணும்னா எரிச்சலா இருக்கு. அப்புறம், மருத்துவர்னு ஒரு வேஷம் குடுத்தீங்க. அஞ்சு மருந்து குடுத்தீங்க. ஆனா யாரையும் குணப்படுத்தவே முடியல. ஒருத்தி அழறா, ஏன்னு கேக்கக்கூட வழியில்ல.”

“இது பேய் கேம் லா!” என்று கத்தினான் ஜார்ஜ். “பேய்கிட்ட உக்காந்து பேசினா யாரு பயப்படுவா? உனக்கு ஒன்னும் தெரியல.”

அவன் முகம் சிவந்துவிட்டது. ஆறு மாத உழைப்பு அல்லவா? அருள்ஜோதிக்கும் வருத்தமாக இருந்தது. ஆனாலும் ‘சூப்பர்’ என்று மாற்றிச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஜார்ஜ் திரையிலிருந்த கேள்வியை மறுபடி படித்தான். “சரி, கேட்டா அவ என்ன சொல்லுவா?”

பதில் ஆனியிடமிருந்து வந்தது.

“அவளுக்கும் பயம். அதான் அங்கயே உக்காந்திருக்கா. மேல வேற ஒன்னு இருக்கு.”

மூவரும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தார்கள். ஜார்ஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு, வேகமாகத் தட்டத் தொடங்கினான்.

சனிக்கிழமை சமூக மன்றத்தில் நல்ல கூட்டம். நடுவர் பாலகிருஷ்ணன் பெரிய கண்ணாடி போட்ட கணித ஆசிரியர். ஒரு கையில் காப்பியுடன் அமர்ந்து, மருத்துவரைத் தேர்ந்தெடுத்தார். மேசையைக் கடந்தார். படிக்கு வந்தார்.

‘தாக்குகிறாயா? ஓடுகிறாயா? ஏன் அழுகிறாய் என்று கேட்கிறாயா?’

அவர் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்.

‘சிறுமி மெல்லத் திரும்புகிறாள். “மேலே அது விழித்திருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். என் கையைப் பிடித்துக்கொள்கிறீர்களா?”’

பிடித்துக்கொண்டார். ‘தைரியம்: 20’ என்று வந்தது. அவர் புன்னகை செய்தார்.

‘மாடியில் ஒரு கதவு திறக்கிறது.’

டொக்!

காப்பி அவர் சட்டையில் சிந்தியது. அன்று மாலை இரண்டாம் பரிசு ஜார்ஜுக்குத்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் இன்னும் ஏழு விளையாட்டுகள் பார்க்கவேண்டிய நடுவர், நாற்காலியை விட்டு எழவில்லை.

“பயந்துட்டீங்களா சார்?” என்று கேட்டாள் ஆனி.

“கொஞ்சம்,” என்றார் அவர், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

ஆனி பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

“வாங்க சார், சேர்ந்தே போகலாம். அந்தக் கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”